வேலைவாய்ப்பு முகாமும் நமது கடமையும்

நமது வட்டாரங்களில் வேலைவாய்ப்பு முகாம் என்பது இப்பொழுது ஊர்த் திருவிழாவைப் போல் அடிக்கடி நடைபெறும் ஒன்றாகிவிட்டது. கல்லூரிகள் நடத்துகின்றன, அரசாங்கத் துறைகள் நடத்துகின்றன, பொதுநல அமைப்புகளும் நடத்துகின்றன. இப்பொழுது நமது கூட்டுறவு இயக்கத்தைச் சார்ந்த தொழில்முறைச் சங்கங்களும் தத்தம் தொழிலின் பெயரால் இத்தகைய முகாம்களை நடத்த வேண்டுமென்ற யோசனை எழுந்திருக்கிறது. காரியதரிசிகள், கணக்கர்கள், சாயப் பட்டறை மேஸ்திரிகள், துணி வடிவமைப்பாளர்கள், கிடங்குக் காப்பாளர்கள் முதலியோர் கூடி அமைத்துக்கொண்ட சங்கங்களையே இங்குக் குறிப்பிடுகிறோம். யோசனை நல்லதே, அதனை மனமார வரவேற்கிறோம். ஆயினும், நடத்துவது என்று தீர்மானிப்பதற்கு முன்னரே எவ்வாறு நடத்துவது என்பதையும் தீர்மானித்துக்கொள்ள வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். பந்தலைப் போட்ட பிறகு யோசிப்பதில் பயனில்லை.

சென்ற ஆண்டில் இத்தகைய முகாம் ஒன்றைப் பார்க்கும் சந்தர்ப்பம் நமக்குக் கிடைத்தது. ஊரின் பெயரோ, நடத்தியவர்களின் பெயரோ இங்கு வேண்டியதில்லை. காலை ஒன்பது மணிக்கெல்லாம் வாசலில் பெருங்கூட்டம் சேர்ந்துவிட்டது. பந்தலும் ஒலிபெருக்கியும் வரவேற்பு வளைவும் குறைவின்றி இருந்தன. நண்பகல்வரை மேடையில் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. இளைஞர்களும் பெண்களும் சான்றிதழ்ப் பைகளை மார்போடு அணைத்தவண்ணம் வெயிலில் நின்றார்கள். பிற்பகலில் ஒவ்வொரு மேசையிலும் விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாக வாங்கி வைக்கப்பட்டன. "தகுதிக்கேற்ற சம்பளம், பின்னர் கைபேசியில் தெரிவிப்போம்" என்பதே மேசைதோறும் கிடைத்த பதில்.

அங்கே பட்டயப் படிப்பு முடித்த தம் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்த நெசவாளர் ஒருவரைக் கண்டோம். அன்றைய தறி வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர். மாலையில் பேருந்துக்காகக் காத்திருக்கையில் அவர் சொன்ன வார்த்தை இன்னும் நம் நினைவிலிருக்கிறது. "ஐயா, மாட்டுச் சந்தையிலேகூடத் துண்டுக்குள்ளே கையை விட்டாவது விலையைச் சொல்லிவிடுவார்கள். இங்கே அதுவுமில்லையே" என்றார். மறுநாள் பத்திரிகையில் ஆயிரக்கணக்கானோர் கலந்துகொண்ட மாபெரும் முகாம் என்று செய்தி வந்தது. அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஒரு செய்தியும் வரவில்லை.

துண்டுக்குள் விலை

துண்டுக்குள் விரல்பிடித்து விலை பேசும் வழக்கத்தை நமது விவசாயிகள் நன்கறிவார்கள். தரகருக்கும் தரகருக்கும் விலை தெரியும். பக்கத்தில் நிற்கும் மாட்டுக்காரருக்குத் தெரியாது. விளைபொருள் வியாபாரத்திலும் விவசாயி இவ்வாறே இருட்டில் நின்ற காலம் ஒன்றிருந்தது. அந்நிலையை மாற்றவே சென்னை மாகாணத்தில் 1933-ஆம் ஆண்டில் வாணிபப் பயிர்ச் சந்தைகளுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1936-இல் திருப்பூரில் முதலாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் தோன்றியது. சரியான எடை, எல்லோரும் அறிய அறிவிக்கப்படும் விலை, கைக்கு வந்து சேரும் பணம் ஆகிய இம்மூன்றுமே அத்தகைய கூடத்தின் உயிர்நாடி. கட்டடம் எவ்வளவு பெரிதாயினும் இம்மூன்றும் இல்லையேல் அது வெறும் கொட்டகையே.

வேலைவாய்ப்பு முகாமும் ஒரு சந்தையே. அங்கே விலைபேசப்படுவது பருத்தியன்று, மஞ்சளன்று. நம் வீட்டுப் பிள்ளைகளின் உழைப்பும் காலமும் ஆகும். பருத்தி மூட்டைக்கு நாம் கேட்டுப் பெற்ற நியாயத்தைப் பிள்ளைகளுக்குக் கேட்காமலிருப்பது எவ்வாறு பொருந்தும்? ஆகவே, முகாம் நடத்த முன்வரும் நமது சங்கங்கள் மேற்சொன்ன மூன்றையும் அப்படியே கைக்கொள்ள வேண்டுமென்கிறோம். காலியிடங்களை முன்னதாகவே சரியாக எண்ணி அறிதல், சம்பளத்தைப் பலகையில் பகிரங்கமாக எழுதுதல், வந்தவர் ஒவ்வொருவருக்கும் பதில் சேர்த்தல் என்னும் இம்மூன்றுமே முகாமின் வெற்றி. கூட்டத்தின் அளவு வெற்றியன்று.

முதலில் எண்ணிக்கை

வழக்கமாக முகாம் நடத்துவோர் முதலில் நாளைக் குறிக்கின்றனர், பின்னர் தலைமை விருந்தினரைத் தேடுகின்றனர், பந்தலுக்குச் சொல்கின்றனர், இறுதியாக வேலை தருவோரைத் தேடுகின்றனர். இவ்வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். பாவின் நீளம் தெரியாமல் எந்த நெசவாளரும் ஊடைக்கு நூல் வாங்குவதில்லை. அதுபோல, நம் வட்டாரத்தில் உண்மையில் எத்தனை பேர் தேவை, எந்தெந்த வேலைக்குத் தேவை என்ற கணக்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே கையிலிருக்க வேண்டும்.

இக்கணக்கை எடுக்கத் தொழில்முறைச் சங்கத்தைவிடத் தகுதியானவர் வேறெவருமில்லை. எந்தச் சாயப் பட்டறையில் மேஸ்திரி முதுமையெய்தி ஓய்வுபெறப் போகிறார், ஜக்கார்டுக்கு அட்டை குத்தத் தெரிந்தவர் எத்தனை ஊருக்கு ஒருவர் இருக்கிறார், புதிய மாதிரிகளைக் கணினியில் வரையத் தெரிந்தவரில்லாமல் எந்தச் சங்கம் பழைய மாதிரியையே திரும்பத் திரும்ப நெய்கிறது என்பதெல்லாம் சங்கத்து அங்கத்தினர்களுக்குத் தெரியும். அவ்வாறே விவசாயத்தின் பக்கத்தில் கிடங்கில் ஈரப்பதம் பார்த்துத் தரம் பிரிப்பவர், சொட்டுநீர்க் குழாய்களைப் பழுது பார்ப்பவர், அறுவடை இயந்திரம் ஓட்டுபவர், ட்ரோன் மூலம் மருந்து தெளிப்பவர் ஆகியோருக்குள்ள தேவையும் நாம் அறிந்ததே.

விவசாயிகள் கூடி அமைத்துள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களைத் தனியே குறிப்பிட வேண்டும். நாடெங்கும் அத்தகைய 10,000 நிறுவனங்களை உருவாக்கும் மத்திய அரசின் திட்டம் 2020-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. நிர்வாகச் செலவுக்கென ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மூன்றாண்டுகளில் ரூ.18 லட்சம் வரை உதவி கிடைக்க அதில் வழி செய்யப்பட்டது. முதன்மைச் செயல் அலுவலரின் சம்பளமும் கணக்கரின் சம்பளமும் அவ்வுதவியில் அடங்கும். கிராமத்துப் பட்டதாரிகளுக்கு இது உகந்த உத்தியோகமே. ஆயினும், உதவித்தொகை நின்றபின் நான்காம் ஆண்டில் சம்பளம் யார் தருவார் என்ற கேள்வியை முகாமிலேயே கேட்டுவிட வேண்டும். பதில் சொல்லத்தக்க நிலையிலுள்ள நிறுவனத்தையே மேசை போட அழைக்க வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியமாகும். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் உதவியாளர், எழுத்தர் முதலிய பணியிடங்கள் பெரும்பாலும் மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்கள் நடத்தும் எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு ஆகியவற்றின் மூலமே நிரப்பப்படுகின்றன. முகாமில் எவரும் அவ்விடங்களை வாக்களிக்க இயலாது. வாக்களிப்பவர் பொய்யுரைக்கிறார் என்றே கொள்ளலாம். ஆனால், அத்தேர்வுக்குக் கூட்டுறவுப் பயிற்சி வேண்டும், அப்பயிற்சியை எங்கே பெறலாம், எவ்வாறு விண்ணப்பிக்கலாம் என்று விளக்கிச் சொல்ல ஒரு மேசை இருத்தல் வேண்டும். வேலை தரும் மேசைக்கு அடுத்தபடி வழிகாட்டும் மேசையே முக்கியமானது. சேலத்தில் 1960-ஆம் ஆண்டு முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருந்து வருகிறது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளிலேயே அங்கு மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு இருப்பதை அறியாதவர் உண்டு. தறிக்குழியிலிருந்து அக்கழகத்தின் வாசல்வரை உள்ள வழியைக் காட்டாவிட்டால் நமது முகாம் எதற்கு?

சம்பளப் பலகை

இரண்டாவது நிபந்தனை சம்பளப் பலகையாகும். முகாமில் மேசை போடும் ஒவ்வொருவரும், அவர் பெரிய ஆலையினராயினும் சிறு கடையினராயினும், தம் மேசைக்குமேல் ஒரு பலகை வைக்க வேண்டும். வேலையின் பெயர், காலியிடங்களின் எண்ணிக்கை, கைக்கு வரும் மாதச் சம்பளம், வேலை நேரம், வாரவிடுமுறை, தங்குமிடம் உண்டா, அதற்குப் பிடித்தம் எவ்வளவு, சேமநிதியும் மருத்துவக் காப்பீடும் உண்டா என்பவற்றைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். எழுத மறுப்பவருக்கு மேசை இல்லை. எத்தனை பெரிய பெயராயினும் இவ்விதிக்கு விலக்கு அளிக்கலாகாது.

இது கடுமையான நிபந்தனை என்று சிலர் கருதலாம். மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் சிலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரால் வழங்கிவந்த முறையை நமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இளம்பெண்களைச் சில ஆண்டுகளுக்கென வேலைக்கமர்த்தி, மாதந்தோறும் சிறு தொகை கொடுத்து, இறுதியில் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாக வாக்களிப்பது அம்முறை. உடல்நலம் குன்றியோ, வேறு காரணத்தாலோ நடுவில் வெளியேறிய பெண்கள் பலர் அம்மொத்தத் தொகையை இழந்தார்கள். அவர்களில் எத்தனை பேரின் பெற்றோர் தரகரின் வாய்மொழியை நம்பிப் பெண்ணை அனுப்பினார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பலகையில் எழுதியதற்குச் சாட்சி உண்டு, வாய்மொழிக்குச் சாட்சியில்லை. ஆகவே, முகாமில் எவரும் விண்ணப்பதாரரிடம் ஒரு காசும் வசூலிக்கக் கூடாது, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யுமிடத்தில் பெண்களின் பாதுகாப்புக்காக 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்க வேண்டிய புகார்க் குழு அமைந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்தே மேசை கொடுக்க வேண்டும்.

இதுவரை பிறரைப் பற்றிச் சொன்னோம். இனி நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

பிறரிடம் பலகை கேட்கும் நமது சங்கங்கள் தம் மேசைக்குமேல் என்ன எழுதப்போகின்றன? நாடு தழுவிய கைத்தறிக் கணக்கெடுப்பின்படி 2009–10-இல் நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக 43.31 லட்சம் பேர் இருந்தனர். 2019–20-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை 35.22 லட்சமாகக் குறைந்தது. பத்தாண்டுகளில் எட்டு லட்சம் பேருக்கு மேல் குறைந்திருக்கின்றனர். அந்த இரண்டாவது கணக்கெடுப்பே நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் மாத வருவாய் ரூ.5,000-க்கும் குறைவு என்று காட்டியது. இளைஞர்கள் தறியை விட்டுப் போகிறார்களே என்று மேடைதோறும் வருந்துகிறோம். அவர்கள் போவதற்கான காரணம் இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

கூலி நெசவில் மற்றொரு மறைவும் உண்டு. ஒரு சேலைக்கு இவ்வளவு கூலி என்று சொல்கிறோம். அக்கூலி தறியில் உட்கார்ந்தவர் ஒருவருக்கா? பாவு பிணைத்தவர், தார் சுற்றிய தாய், பள்ளியிலிருந்து வந்ததும் நூல் எடுத்துக் கொடுத்த பிள்ளை ஆகிய எல்லோருக்கும் சேர்த்துத்தான் அக்கூலி. நூல் வராமல் தறி சும்மா இருந்த நாட்களும், மழையில் தெருவில் பாவு ஓட்ட முடியாமற்போன நாட்களும் அதில் கணக்கில்லை. ஒரு குடும்பத்தின் உழைப்பை ஒருவருடைய சம்பளமென்று எழுதுவது கள்ள எடையாகும். ஆகவே, நமது பலகையில் ஒரு சேலைக்குக் கூலி எவ்வளவு, அதற்கு எத்தனை நாள், எத்தனை பேருடைய உழைப்பு, சென்ற ஆண்டில் எத்தனை நாள் வேலை இருந்தது என்னும் நான்கையும் எழுத வேண்டும். பின்னர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்ன விழுகிறதென்று வகுத்தும் காட்ட வேண்டும்.

இரண்டு ஆட்சேபங்கள்

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் எழும் என்பதை அறிவோம். நமது நண்பர்களே இவற்றை நேரில் கூறியிருக்கின்றனர்.

முதலாவது ஆட்சேபம், "உண்மையை எழுதினால் நமது மேசைக்கு ஒருவரும் வரமாட்டார்கள், நம் மானம் போகும்" என்பது. வராமற்போகலாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால், பலகையில் எழுதாவிட்டால் அவர்கள் வந்துவிடுகிறார்களா? வீட்டில் அடுப்பெரிவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு அத்தொகை பலகையிலிருந்துதான் தெரிய வேண்டுமா? நமது மேசை வெறுமையாக இருக்கும் காட்சியை நமது நிர்வாக சபையினர் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பார்ப்பது நல்லதென்றே சொல்வோம். கூலி உயர்வுக்கு ஆயிரம் மனுக்கள் எழுதுவதைவிட அவ்வெறுமை நன்றாகப் பேசும். எந்தச் சங்கம் புதிய மாதிரிகளாலும் நேரடி விற்பனையாலும் நல்ல கூலி கொடுக்கிறதோ அச்சங்கத்தின் பலகையருகே கூட்டம் சேரும். அதைப் பக்கத்துச் சங்கத்தினர் கண்டு, "நம்மால் ஏன் இயலவில்லை?" என்று கேட்டுக்கொள்வார்கள். கூட்டுறவில் ஒருவரையொருவர் பார்த்துத் திருந்தும் வழி இதுவே.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிட ஆழமானது. "தறியிலும் வயலிலும் பிள்ளைகளை நிலைநிறுத்துவதல்லவா நம் வேலை? அவர்களை வெளியே அனுப்புவதற்கு நாமே பந்தல் போடுவதா?" என்று கேட்கின்றனர். இக்கேள்வியிலுள்ள வேதனையை உணர்கிறோம். தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறன் நம் கண்முன்னே அற்றுப்போவதைக் காணச் சகியாத உள்ளத்திலிருந்து எழும் கேள்வி அது. ஆனால், கூட்டுறவு என்பது அங்கத்தினரின் நலத்துக்காக ஏற்பட்டதேயன்றி, அங்கத்தினர் சங்கத்தின் நலத்துக்காகப் பிறந்தவர்களல்லர். 1904-ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவான காலத்திலிருந்து நம் இயக்கத்தின் அடிப்படை இதுவே. கடனாலும் அறியாமையாலும் ஒருவர் ஓரிடத்தில் கட்டுண்டு கிடப்பதைப் போக்கவே இயக்கம் பிறந்தது. வேறு வழி தெரியாததனால் தறியில் உட்கார்ந்திருப்பவரைத் தறியில் நிலைத்தவர் என்று கூறலாகாது. வேறு வழிகளையும் பார்த்து, எடைபோட்டு, அதன்பின் தறியைத் தேர்ந்தவரே உண்மையில் நிலைப்பவர். அத்தகையோர் பத்துப் பேர் வந்தாலும் நம் தொழிலுக்கு அது பெரும் பலமாகும்.

நாளும் இடமும் நேரமும்

இனி நடைமுறைக்கு வருவோம். முகாமுக்கு எத்தனை பேரை அழைக்கலாம் என்பது விருப்பத்தைப் பொறுத்ததன்று; கணக்கைப் பொறுத்தது. ஒருவரிடம் பத்து நிமிஷமாவது பேசினாலன்றி அவரைப் பற்றி எதுவும் அறிய முடியாது. காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை, உணவுக்கு ஒரு மணி நேரம் போக, ஐந்து மணி நேரம் கிடைக்கும். அதாவது ஓர் அலுவலர் ஒரு நாளில் முப்பது பேரைச் சந்திக்கலாம். பத்து மேசைகள், மேசைக்கு இருவர் என்று வைத்தால் அறுநூறு சந்திப்புகள் ஆகும். ஒவ்வொருவரும் மூன்று மேசைகளையாவது பார்க்க வேண்டுமானால் இருநூறு பேருக்கே இடமுண்டு. இரண்டாயிரம் பேரை அழைத்தால் ஆயிரத்து எண்ணூறு பேருக்கு வெயிலைத் தவிர வேறொன்றும் கொடுக்கவில்லை என்பதே பொருள். ஆகவே, முன்னதாகப் பதிவு செய்து, நேரம் குறித்த சீட்டு வழங்க வேண்டும். காலைச் சீட்டுக்காரர் காலையில் வரட்டும். மாலைச் சீட்டுக்காரர் மாலையில் வரட்டும். இருநூறுக்கு மேற்பட்டோர் பதிவு செய்தால் இன்னொரு நாள் வைப்போம். சொற்பொழிவு அரைமணிக்கு மேற்படலாகாது. அதுவும் பத்து மணிக்கு முன்னரே முடிந்துவிட வேண்டும்.

நாளைக் குறிப்பதிலும் யோசனை வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்து, மேற்படிப்பா வேலையா என்று வீடுகளில் பேச்சு நடக்கும் வைகாசி மாதம் பொருத்தமானது. தீபாவளிச் சரக்குக்காகத் தறிகள் இராப்பகலாக ஓடும் வாரங்களிலும், அறுவடை நாட்களிலும் வைக்கலாகாது. பெற்றோர் வர இயலாது. வாரச் சந்தை நாளும் முகூர்த்த நாளும் ஆகா. முன்னதில் பேருந்தில் இடமிராது, பின்னதில் கல்யாண மண்டபம் கிடைக்காது. ஆகஸ்டு 7-ஆம் நாளைத் தேசியக் கைத்தறி நாளாக 2015 முதல் கொண்டாடி வருகிறோம். அந்நாளிலேயே முகாமையும் வைத்துவிடலாமென்று சிலர் சொல்கின்றனர். விழாவும் வேலையும் ஒரே பந்தலில் கூடினால் விழாவே வெல்லும் என்பது நம் அனுபவம். அவற்றைப் பிரித்து வைப்பதே உசிதம்.

பெண்களை மனத்தில் வைத்தே ஏற்பாடுகள் செய்ய வேண்டும். முற்கூறிய 2019–20-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கைத்தறித் தொழிலாளரில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்களே. கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு நிழலில் ஓரிடம், சுத்தமான கழிப்பிடம், குடிநீர், இருட்டுவதற்கு முன் ஊர் திரும்பப் பேருந்து ஆகியவை அலங்கார வளைவைவிட முக்கியமானவை. பெண்கள் மேசையில் பெண் அலுவலர் ஒருவராவது இருத்தல் நலம்.

முகாமுக்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908-இல் தொழில் வழிகாட்டி நிலையம் ஒன்றைத் தொடங்கிய பிராங்க் பார்சன்ஸ் என்பவர், ஒருவர் முதலில் தம்மை அறிய வேண்டும், பின்னர் தொழில்களை அறிய வேண்டும், அதன்பின் இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று வகுத்தார். நூறாண்டுக்கு மேலாகியும் அம்முறை பழுதுபடவில்லை. விண்ணப்பம் எழுதவும், கூச்சமின்றிப் பேசவும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவதோடு, எதிரில் இருப்பவரிடம் கேள்வி கேட்கவும் கற்றுத் தர வேண்டும். "எனக்கு வேலை தருவீர்களா?" என்று கேட்பது மட்டும் போதாது, "இந்த வேலையில் ஐந்தாண்டு இருந்தால் நான் என்னவாக ஆவேன்?" என்றும் கேட்க வேண்டும். நம் வட்டாரத்திலிருந்து வெளியே சென்று வேலையில் அமர்ந்தவர்களையும், திரும்பி வந்து தறியோ நிலமோ நடத்துகிறவர்களையும் அன்று வரவழைத்துப் பேசச் செய்தால் பத்துச் சொற்பொழிவுகளுக்கு ஈடாகும்.

முகாமுக்குப் பிறகு

மூன்றாவது நிபந்தனையே எல்லாவற்றிலும் கடினமானது. பந்தல் பிரித்த மறுநாளிலிருந்துதான் முகாமின் உண்மையான வேலை தொடங்குகிறது. வந்தவர் ஒவ்வொருவரின் பெயரும், அவர் கண்ட மேசைகளும் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் ஒவ்வொருவருக்கும் பதில் போய்ச் சேர வேண்டும். 'இல்லை' என்பதும் ஒரு பதிலே. அதைக் கேட்டவர் வேறு வழி தேடுவார். கேளாதவர் கைபேசியைப் பார்த்தவண்ணம் மாதக்கணக்கில் காத்திருப்பார். வேலை தருவோர் பதிலளிக்கத் தவறினால் நம் சங்கமே கேட்டுப் பெற்றுத் தெரிவிக்க வேண்டும். பதினைந்து நாளில் பதில் தராத நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டில் மேசை கிடையாது என்பதை முன்னதாகவே எழுதி ஒப்பம் வாங்கிக்கொள்ளலாம்.

வேலையில் சேர்ந்தவர்களை ஒரு மாதம் கழித்தும், மூன்று மாதம் கழித்தும் விசாரிக்க வேண்டும். பலகையில் எழுதிய சம்பளம் கைக்கு வந்ததா? தங்குமிடம் சொன்னபடி இருக்கிறதா? ஏன் விலகினார்? இவ்விவரங்களே அடுத்த முகாமுக்கு விதைநெல். இவ்வேலைக்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கக்கூடிய இருவர் போதும். அவர்களுடைய செலவுக்குச் சிறு தொகையை முகாமின் வரவு செலவுத் திட்டத்திலேயே முதல் இனமாக எழுதி வைக்க வேண்டும்; பந்தல் செலவு போக மீதியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மீதி இருக்காது.

நவம்பர் 14 முதல் 20 வரை நாடெங்கும் கூட்டுறவு வாரம் கொண்டாடுகிறோம். கொடியேற்றமும் உறுதிமொழியும் நடக்கின்றன, நல்லதே. வைகாசியில் முகாம் நடத்திய சங்கம் அவ்வாரத்தில் ஒரு நாள் தன் அங்கத்தினர்களையும் முகாமுக்கு வந்த இளைஞர்களையும் கூட்டி, கணக்கு வாசிக்கட்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, என்ன சம்பளத்தில், ஐந்து மாதம் கழித்து எத்தனை பேர் இன்னும் அவ்வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேருக்கு நம்மால் ஒன்றும் செய்ய இயலவில்லை என்பதையெல்லாம் ஒளிக்காமல் வாசிக்க வேண்டும். சங்கத்தின் வரவு செலவை மகாசபையில் வாசிப்பதைப் போலவே இதையும் வாசிப்பது நமது கடமை. தொகை சிறிதாயிருந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. இருநூறு பேரில் முப்பது பேர் நல்ல வேலையில் நிலைத்தாலும் முப்பது வீடுகளில் விளக்கெரியும்.

நமது சங்கங்களின் நிர்வாகஸ்தர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். முகாம் நடத்துவது குறித்து அடுத்து நிர்வாக சபை கூடும்போது, நாளையும் தலைமை விருந்தினரையும் பற்றிப் பேசுவதற்கு முன், சம்பளப் பலகையைப் பற்றி ஒரு தீர்மானம் போடுங்கள். முதற் பலகையை உங்கள் சங்கத்தின் பெயரிலேயே எழுதச் செய்யுங்கள். அதில் என்ன தொகை எழுத நேரிடுகிறதோ, அதைக் கண்டு உங்கள் மனம் கூசினால், அந்தக் கூச்சத்தோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விடாதீர்கள். அத்தொகையை உயர்த்துவது எப்படி என்பதையே அன்றைய கூட்டத்தின் விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள். முகாம் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் குற்றமில்லை.

பேருந்து நிறுத்தத்தில் நின்ற அந்த நெசவாளரும் அவருடைய மகளும் அடுத்த முகாமுக்கு வருவார்களோ, மாட்டார்களோ, அறியோம். வந்தால் அவர்கள் படிப்பதற்கு ஒரு பலகையும், திரும்பும்போது தேதி குறித்த ஒரு பதில் சீட்டும் இருக்க வேண்டும். அவ்வளவையும் செய்ய நமது சங்கங்களுக்கு ஆற்றலுண்டு, செய்வார்களென்று நம்புகிறோம்.